சாய்த்ததெல்லாம் சாய்வெழுத்து ஆகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்துரு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், தடித்த எழுத்தைக் கணினியில் சாய்த்துவிட்டால் தலைப்புக்கான சாய்வெழுத்து தயார் என்று ஒரு வரி இருந்தது. முப்பத்தோரு ஆண்டுகள் ஈய எழுத்தைக் கோத்தவன் நான். அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

எங்கள் அச்சகத்தில் ஆங்கில இட்டாலிக்குக்கு, அதாவது சாய்வெழுத்துக்கு, தனி கேஸ் (ஈய எழுத்துகளை அடுக்கும் பெட்டி) உண்டு. அதிலுள்ள சிறிய 'எஃப்' எழுத்தின் வளைவு ஈயக் கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கோக்கும்போது கை சற்று அழுந்தினால் முறிந்துவிடும், முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். 1501இல் வெனிஸில் அச்சகத்தார் ஆல்டஸ் மனுட்டியஸ் அச்சிட்ட, ரோமானியக் கவி வெர்ஜிலின் நூலுக்காக எழுத்து வெட்டுநர் கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்தே, நேர் எழுத்தைச் சாய்த்ததல்ல, கையெழுத்தைப் பார்த்து வெட்டியது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

ஃபியூச்சுரா போன்ற சான்ஸ் செரிஃப் எழுத்துகளின் (கோட்டு முனைகளில் சிறு நீட்டல் இல்லாதவை) சாய்வு வடிவங்கள் நேர் எழுத்தின் சாய்வுதானே என்று கட்டுரையாளர் கேட்கலாம். பால் ரென்னர் வடிவமைத்து 1927இல் வெளிவந்த ஃபியூச்சுராவின் 'ஓ' ஏறத்தாழ முழு வட்டம். அதை இயந்திரத்தில் அப்படியே சாய்த்தால் வலது மேல்மூலையும் இடது கீழ்மூலையும் பருத்து, மற்ற இரண்டு மூலைகளும் மெலிந்துபோகும். எழுத்து தடிக்கத் தடிக்க அந்தக் கோணல் கண்ணை உறுத்தும் என்பதால், வரைபவர் ஒவ்வொரு வளைவையும் கையால் திருத்தியாக வேண்டும். அமெரிக்க ஓவியக் கலைஞர் பார்பரா குரூகர் தம் படைப்புகளில் சிவப்புப் பட்டைமேல் வெள்ளையாகப் பதித்த தடித்த சாய்வு ஃபியூச்சுரா பார்ப்பவரை அதட்டி நிறுத்துகிறது என்றால், அங்கே இருப்பவை சில சொற்களே. தங்கள் இதழிலோ பக்கத்துக்குப் பக்கம் அதே அதட்டல்.

அதுவும் தமிழில்! சென்ற இதழின் 'கட்டண உயர்வு' என்ற தலைப்பைத் தாங்களே எடுத்துப் பாருங்கள். தடிப்பில் 'ண'வின் சுழிகள் மையால் அடைபட்டு, அது ணகரமா னகரமா என்று என் பேரன் கேட்டான். 'ட்' மேலிருக்க வேண்டிய புள்ளி அடுத்த எழுத்தின் பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது. எங்கள் கேஸில் தமிழுக்குச் சாய்வே இருந்ததில்லை; அழுத்தம் வேண்டுமென்றால் போல்டு போடுவோம், இல்லையேல் பாயிண்டை, அதாவது எழுத்தின் அளவைக், கூட்டுவோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தலைப்பெழுத்தை மாற்றியபோதும் எழுதினேன். ஓர் அஞ்சலட்டைகூடப் பதிலாக வரவில்லை. பொங்கல் மலரில் அஞ்சலிக் குறிப்பின் தலைப்பும் பந்தயக் கார் விளம்பரம்போல முன்னால் சாய்ந்து பாய்ந்தது. காலமானவர் எங்கே ஓடிக்கொண்டிருந்தார் என்று கேட்டு எழுதியதை, இடமின்மையால் இருக்கும், தாங்கள் வெளியிடவில்லை.

தலைப்புகளையெல்லாம் மாற்றச் சொல்லும் தகுதி ஒரு பழைய அச்சுக்கோப்பாளனுக்கு இல்லைதான். வாசகர் கடிதப் பகுதியின் தலைப்பை மட்டுமாவது அடுத்த இதழிலிருந்து நேர் எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
சிவகாசி.