விசையைப் பூட்டினால் போதாது: காரைக்குடி ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில், எங்கள் வாயில் செக்ரியில், உலோக அரிமானம் பற்றி ஆராய்கிற ஐயா, அம்மா எல்லோருக்கும். அழகப்பர் பெயர் தாங்கிய பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரு வேலை கொண்டு வந்திருக்கிறேன். பழைய பன்னிரண்டு போர் (12-bore என்ற குழல் அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு ஒரு காப்பு செய்து தர வேண்டும். அது துருவையும் தடுக்க வேண்டும், பிள்ளைகள் கையையும் தடுக்க வேண்டும். துருவுக்கு ஓர் உறை, பிள்ளைகளுக்கு ஒரு பூட்டு என்று தனித்தனியாக விற்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் வீட்டில் துப்பாக்கி எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். வயலுக்கென்று உரிமம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கடல் கடந்து கொண்டுவிற்கப் (வணிகம் செய்யப்) போன காலத்தில் வீட்டில் ரொக்கமும் நகையும் பெட்டகத்தில் இருந்தபோது காவலுக்கு வாங்கியது, உரிமம் தலைமுறை மாறி வந்தது என்று வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம் என்று ஒப்படைத்தவர்களும் உண்டு. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் உரிமதாரர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அப்போதும் குறைந்தது எண்ணிக்கைதான். மிச்சமிருப்பவை எப்படி வைக்கப்படுகின்றன என்பதே என் கவலை.

வெளியூர்க்காரர்களுக்கு நம் நகரத்தார் வீட்டு நடப்பு புரியாது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் இருபது புள்ளி, முப்பது புள்ளி (குடும்பம்) இருப்பார்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் பிழைப்பு. ஆண்டின் பெரும்பகுதி வளவில் நடமாட்டம் குறைவு. ஓர் ஓரத்தில் மட்டும் யாராவது குடியிருப்பார்கள். முன்னோர் படைப்போ கல்யாணமோ அறுபதாம் ஆண்டு சாந்தியோ வந்தால் ஒரே நாளில் வீடு நிரம்பும். அப்பத்தா எந்த அறையைத் திறக்க வேண்டாம் என்று சொன்னாரோ, பிள்ளைகள் முதலில் அந்த அறைக் கதவைத்தான் தள்ளுவார்கள். மாதக்கணக்கில் தொடாத இரும்பு, பிறகு ஒரே நாளில் ஐம்பது கைகள். வெளிநாட்டில் செய்கிற எந்தத் துப்பாக்கிப் பூட்டும் இப்படி ஒரு வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்படவில்லை.

துப்பாக்கிக்குக் காப்பு செய்த கதை நீளமானது. சிக்கிமுக்கிக் கல் உரசிச் சுட்ட துப்பாக்கிகளின் காலத்தில் மழையில் வெடிமருந்து நனையாமலிருக்க விசைப்பொறியின் மேல் மெழுகு தடவிய தோலைக் கட்டினார்கள். பொறி பறக்கிற இரும்புத் தகட்டுக்கு இன்னொரு தோல் உறை. அது இருக்கிறவரை கல் உரசினாலும் தீ பிறக்காது. ஒரே தோல் துண்டு மழைக்கும் காப்பு, விபத்துக்கும் காப்பு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிறகு வந்தவர்கள் இந்த இரண்டு வேலையையும் பிரித்துவிட்டார்கள்.

முதல் உலகப் போரில் சேற்றுக்காகப் பிரிட்டிஷ் படையினர் ரைஃபிளின் பின்பகுதிக்குக் கித்தான் துணி மூடி போட்டார்கள். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் இறங்கிய அமெரிக்கப் படையினர் பலரின் துப்பாக்கிகள் ஒளி ஊடுருவும் ப்ளையோஃபிலிம் என்ற மெல்லிய படல உறைக்குள் இருந்தன. எம்-16 ரைஃபிளில் தூசு போகாமலிருக்கக் கீல் வைத்த ஒரு சின்னக் கதவு உண்டு. இதெல்லாம் சேற்றையும் மணலையும் உப்புத் தண்ணீரையும் எதிர்த்த சாமான்கள். இன்னொரு பக்கம், 1887-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிடியின் பின்புறத்தையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால்தான் சுடும். சின்னக் கைக்கு எட்டாத வேலையாக ஆக்கினார்கள். அமெரிக்காவில் 2005-க்குப் பிறகு உரிமம் பெற்ற விற்பனையாளர் கைத்துப்பாக்கி விற்றால் பூட்டோ பாதுகாப்புச் சாதனமோ சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சுடும்போது விரலால் இழுக்கிற விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் இருபுறமும் இரண்டு தட்டு வைத்து நடுவில் ஆணி கோத்துப் பூட்டுகிற சாமான் எங்கும் பரவியதற்கு இப்படிப்பட்ட சட்டங்களும் ஒரு காரணம்.

அந்த விசைப்பூட்டுத்தான் இப்போது இணையத்தில் வாங்கி நம்மவர்களும் மாட்டுகிறார்கள். ரெட்டைக்குழலுக்கு அது பொருந்தாது என்று துணிந்து சொல்வேன்.

முதல் காரணம், நம் துப்பாக்கிக்கு விசை ஒன்றல்ல, இரண்டு. முன்னது வலக்குழலுக்கு, பின்னது இடக்குழலுக்கு என்பது வழக்கமான அமைப்பு. ஒற்றை விசைக்குச் செய்த பூட்டின் ஆணியை எங்கே நுழைப்பது? முன் விசைக்கு முன்னால் நுழைத்தால் அதுவே பிடித்து இழுக்கும் கொக்கியாகலாம். நடுவில் நுழைத்தால் பூட்டை ஆட்டும்போது முன் விசை அசையலாம். பூட்டு விற்கிறவர்களே, தோட்டா உள்ள துப்பாக்கியில் மாட்டாதீர்கள் என்று அட்டையில் அச்சடிப்பது இதனால்தான். அதை எத்தனை பேர் படிக்கிறார்கள்?

இரண்டாவது காரணம் உள்ளே இருக்கிறது. 1875-இல் பர்மிங்ஹாமில் ஆன்சன், டீலி என்ற இருவர் காப்புரிமை பெற்ற பொறியமைப்பின் வழியில் வந்தவைதான் குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) வெளியே தெரியாத ரெட்டைக்குழல்களில் பெரும்பாலானவை. குழலை மடித்தாலே உள்ளே இருக்கும் குதிரை ஏறிக்கொள்ளும். மேலே கட்டைவிரலால் தள்ளுகிற 'சேஃப்டி' இருக்கிறதே, பெரும்பாலான துப்பாக்கிகளில் அது விசையை மட்டும்தான் பிடிக்கும். ஏறி நிற்கும் குதிரையைப் பிடிக்காது. குதிரையைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்துபோன கிழட்டுத் துப்பாக்கி பரணிலிருந்து கல் தரையில் விழுந்தால், விசையை யாரும் தொடாமலே குதிரை விழ வாய்ப்பு உண்டு. விசையில் எத்தனை பூட்டு போட்டும் அங்கே பயனில்லை.

அதனால் பூட்ட வேண்டிய இடம் தோட்டா உட்காரும் அறை. அங்கே வேறு ஏதாவது உட்கார்ந்திருந்தால் தோட்டா போக வழியில்லை. விசை, குதிரை, கொக்கி எது பழுதானாலும் கவலையில்லை. மடித்தால் இரண்டு அறையும் கண்முன்னே திறந்து நிற்கிற வசதி ரெட்டைக்குழலுக்கு உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். தோட்டா வடிவில் ஒரு கட்டை. சாவியைத் திருப்பினால் உள்ளே ஒரு வளையம் விரிந்து அறையின் சுவரைப் பிடிக்க வேண்டும். சாவி இல்லாமல் வெளியே வரக்கூடாது. இந்த வகைப் பூட்டு வெளிநாட்டில் உண்டு, நான் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. அதைத் துருவோடு சேர்த்து யோசியுங்கள் என்பதே என் விண்ணப்பம்.

துரு விஷயத்துக்கு வருகிறேன். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைப்பது நமக்குப் பழகியது. ஒரு முறை என் துப்பாக்கி திரும்பி வந்தபோது, நன்றாக ஒட்டிய பாலிதீன் உறைக்குள்ளேயே குழல் முழுக்கச் செம்புள்ளி. வைத்திருந்தவர்கள் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். உறைதான் வேலையைக் கெடுத்தது. பகலில் சூடேறி இரவில் குளிரும்போது உள்ளே அடைபட்ட ஈரம் குழலின் மேல் நீராகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நம்மூரில் அது தாண்டாத நாள் எது?

தோல் உறை அழகாக இருக்கும். ஆனால் பதனிட்ட தோலில் மிஞ்சும் அமிலமும் உப்பும் இரும்பைத் தின்னும், பித்தளையைப் பச்சையாக்கும். துப்பாக்கியை மாதக்கணக்கில் தோல் உறைக்குள் விடக்கூடாது. வெல்வெட் வைத்த மரப்பெட்டி இன்னும் மோசம், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நிரம்பும்வரை உறிஞ்சும், பிறகு யாராவது எடுத்துச் சூடாக்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் அதை யார் செய்வது? எண்ணெய் நல்லது, ஆனால் அதிகம் பூசினால் வழிந்து துப்பாக்கியின் பிடிமரத்தை ஊற வைக்கும்.

குழலின் வாயை மூடுவது தனிப் பிரச்சினை. திறந்து வைத்தால் குளவி உள்ளே மண் கூடு கட்டும். சிரிக்காதீர்கள், 18.5 மில்லிமீட்டர் ஓட்டை அதற்கு அளவெடுத்துச் செய்த வீடு. அடைப்பைப் பார்க்காமல் சுட்டால் குழலே வெடிக்கும். துணி அடைத்து வைத்தாலும் அதே ஆபத்து. ஆகவே வாய்மூடி உள்ளே செருகுகிறதாக இருக்கவே கூடாது. இரண்டு குழலையும் சேர்த்து வெளியிலிருந்து கவிகிற தொப்பியாக, தூரத்திலிருந்தே தெரிகிற நிறத்தில் இருக்கட்டும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரைவிடச் சிலிக்கோன் மேல் என்று நினைக்கிறேன். சோதித்து நீங்கள் சொல்லுங்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு முனையில் பூட்டுக் கட்டை, மறு முனையில் தொப்பி. நடுவில் குழலின் உட்புறம் காற்று மாறாத ஒரு சின்ன அறையாகிவிடுகிறது. அந்தக் கட்டையின் வயிற்றில், ஆவியாகி இரும்பின் மேல் படிந்து துருவைத் தடுக்கிற மருந்தை வைத்தால்? அப்படிப்பட்ட மருந்துகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே ராணுவத் தளவாடங்களைப் பொதிய உதவியிருக்கின்றன. பிள்ளைக்குத் தடையான அதே பொருள் துருவுக்கும் தடையாகிவிடும். அந்தப் பழைய தோல் துண்டு செய்த வேலை.

செக்ரி ஆய்வாளர்களிடம் என் கேள்விகள் இங்கேதான். அந்தக் காலத்து மருந்துகளில் பல, அமீன், நைட்ரைட் என்ற வேதிப்பொருள்கள் சேர்ந்தவை. பிள்ளைகள் புழங்கும் வீட்டில் அவை வேண்டாம். மருதாணி இலைச் சாறு போன்றவை உலோக அரிமானத்தைத் தடுப்பதாக ஆய்வுக் கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் உலோகம் திரவத்துக்குள் கிடக்கிறது. ஆவி வழியாக, மூடிய குழலுக்குள், ஒரு மழைக்காலம் முழுக்க வேலை செய்யக்கூடியது ஒன்றாவது உண்டா? பித்தளைக் கட்டையைக் கறுக்க வைக்காததாக, குழலின் நீலப் பூச்சை உரிக்காததாக, பழைய கறுப்பு வெடிமருந்தின் கசடு ஒட்டிய குழலிலும் தாக்குப்பிடிப்பதாக வேண்டும். மண்டபம் கடற்கரையில் இரும்புத் துண்டுகளை உப்புக் காற்றில் காயவைத்துச் சோதிப்பவர்கள் நீங்கள். அங்கே தாங்கினால் கோட்டையூரிலும் கானாடுகாத்தானிலும் தாங்கும். அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். ஊர்க்காரன் துரு என்று வந்து நின்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் கேட்கிறேன்.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். கைரேகை, ப்ளூடூத், செயலி எதுவும் வேண்டாம். ஆள் இல்லாத வீட்டில் பேட்டரி செத்துப் போகும். லேத் பட்டறையில் கடைந்து எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். துப்பாக்கியில் துளை போடுவது, வெட்டுவது, பற்றவைப்பது எதுவும் தேவைப்படக் கூடாது. துப்பாக்கியை மாற்றியமைப்பதற்கும் உறுப்புகள் செய்வதற்கும் ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். ஆரம்பச் சோதனைக்குத் துப்பாக்கியே வேண்டாம், அளவுக்குக் கடைந்த எஃகுக் குழாய்த் துண்டு போதும். ஒரு சாவிக்கு இரண்டு கட்டை. ஆனால் வீட்டுக்கு வீடு சாவி மாற வேண்டும். வங்கிக் காவலர்களுக்கும் இது பயன்படும். 1937-இல் சென்னையிலும் ரங்கூனிலும் திறந்த அதே நாளில் காரைக்குடியிலும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறந்த ஊர் இது, வாசலில் ரெட்டைக்குழலோடு நிற்கும் காவலரை நமக்கு நன்றாகத் தெரியும். பணி நேரத்தில் அவருக்குப் பூட்டு ஆகாது. மாலையில் துப்பாக்கியைத் தோட்டா நீக்கி உள்ளே வைக்கும்போது ஆகும்.

காப்புரிமை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண்காட்சியில் வைத்துக் கைதட்டு வாங்கிய பிறகு விண்ணப்பிக்கப் போகாதீர்கள். வெளியே காட்டிய பொருளைப் புதியது என்று பிறகு நிலைநாட்டுவது கடினம். முதலில் சென்னைக் கிண்டி காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பம் போட்டுவிட்டால் முழு விவரம் தர 12 மாதம் கிடைக்கும். 2021 விதித் திருத்தப்படி கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை உண்டு. கட்டைக்குள் மருந்து வைக்கிற யோசனையை இங்கே பகிரங்கமாக எழுதிவிட்டதால் அந்தப் பொது யோசனைக்கு இனி யாரும், நான் உட்பட, உரிமை கொண்டாடுவது கஷ்டம். தெரிந்தே எழுதினேன். வளையம் எப்படி விரிகிறது, மருந்து எது, எப்படி மாற்றுவது என்பதெல்லாம் உங்கள் சொத்து.

முதல் மாதிரி தயாரானால் உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர் ஒருவரை நடுவில் வைத்துக்கொள்வோம். அவர் கடையில், அவர் முன்னிலையில், குழலையும் பிடிமரத்தையும் தனியாகக் கழற்றி என் துப்பாக்கியில் போட்டுப் பாருங்கள். ஐப்பசிக்கு முன்னால் கொடுத்தால் மழைக்காலம் முழுவதும் ஒரு குழலில் உங்கள் மருந்துக் கட்டையும் மறு குழலில் வெறும் கட்டையும் இருக்கட்டும். தை பிறந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்து உரிமதாரர் ஒருவர்