கிராம்பு எண்ணெய் வலியைத்தான் நிறுத்தும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு கிளினிக்கும் முதுகுவலியும் வழக்கம்போலத்தான்.

சரி, உன் பல்லுக்கு வருகிறேன். கிராம்பு எண்ணெய் வைத்தேன், வலி போய்விட்டது, இனி வேர் சிகிச்சை (ரூட் கெனால்) எதற்கு என்கிறாய். அந்த எண்ணெயிலுள்ள யூஜினால் என்ற பொருள் பல்லை மரத்துப்போகச் செய்யும், கிருமியையும் கொல்லும். துத்தநாக ஆக்சைடோடு அதைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைப்பதைப் பல் டாக்டர்கள் நாங்களே இன்றும் செய்கிறோம். ஆனால் வலி நின்றதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கும். கிருமிகளுக்கு அதுதான் தீனி.

பல்லின் வேருக்குள் நரம்பு ஓடும் குழாயின் சுவர் முழுக்க ஓரிரு மைக்ரான் அகலத்தில் நுண்துளைகள். என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் போன்ற கிருமிகள் அவற்றுக்குள் புகுந்து, பிசுபிசுவென்று ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு கிடக்கும். நாங்கள் உள்ளே மருந்தாக வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடின் கடுமையான காரத்தன்மையையே தாங்கிவிடுகிற ஜாதி அது. ஓமத்தில் இருக்கும் தைமால், லவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு எல்லாம் இப்படிப்பட்ட கிருமிகளின் சவ்வைக் குலைப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். பிடுங்கிய பற்களிலும் சோதித்திருக்கிறார்கள். எனக்கும் இதில் ஆசைதான். ஆனால் எண்ணெய் தண்ணீரோடு கலக்காதே, ஈரமான அந்தச் சந்துகளுக்குள் எப்படிப் போகும்? அதனால்தான் தண்ணீரில் நுண்துளிகளாக உடைத்துக் கலந்து பார்க்கிறார்கள். அப்படியே போனாலும் செத்த திசுவை அது கரைக்காது. நாங்கள் குழாயைக் கழுவப் பயன்படுத்தும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைக்கும். என்னைக் கேட்டால், கழுவுகிற வேலை அதனுடையதே. இரண்டு சிட்டிங்குக்கு நடுவே உள்ளே வைக்கும் மருந்தாக வேண்டுமானால் இந்த எண்ணெய்கள் ஒருநாள் வரலாம்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? பழைய வேர் சிகிச்சையைப் பிரிக்கும்போது, குழாயை அடைத்திருக்கும் குட்டா பெர்ச்சாவை இளக்க ஆரஞ்சு எண்ணெயும் யூகலிப்டஸ் தைலமும் உதவுகின்றன. குட்டா பெர்ச்சாவே ஒரு மரத்தின் பால்தான்!

நீ முதலில் ஓர் எக்ஸ்ரே எடு. எண்ணெயை அப்படியே ஊற்றாதே, ஈறு வெந்துவிடும். அப்புறம், டாக்டரிடம் கிராம்பு எண்ணெய் வைத்ததை மறைக்காமல் சொல். யூஜினால் தங்கியிருந்தால் வெள்ளை ஃபில்லிங் சரியாக இறுகாது. எக்ஸ்ரேயைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
ரவி