பன்னிரண்டு பேணிகளுக்கு நன்றி

அன்புள்ள எல்லாருக்கும்,

சாதியைப் பற்றிப் பேசவென்று எங்கள் வாசிப்பு வட்டம் ஒழுங்குசெய்த ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்கு இருந்த மண்டபம் இல்லாமல் போனது உங்களுக்குத் தெரியும். அது ஏன் இல்லாமல் போனது, அந்தப் பத்து நாளும் தொலைபேசியில் என்னென்ன வந்தது என்பதையெல்லாம் இந்த மடலில் திரும்பக் கிளறப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு நடந்து முடிந்தது. 38 பேர் வந்தீர்கள். ஒருவரும் இடையில் எழும்பிப் போகவில்லை. அந்த ஆறுதல் நெஞ்சில் ஈரமாக இருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முற்றத்தைத் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு, பிரதிகளைக் கடனுக்கு அடித்துத் தந்த போட்டோக்கொப்பிக் கடைத் தம்பிக்கு, பாய் சுமந்த பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு, இருட்டிய பிறகு பெண்களை வீட்டுப் படலை வரைக்கும் கொண்டுபோய் விட்ட இரண்டு ஓட்டோ அண்ணன்மாருக்கு, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து நித்திரை முழித்துப் பேசிய நண்பர்களுக்கு, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பற்றிக் கேள்வி வந்தபோது பொறுமையாக விளக்கிய சட்டத்தரணி அக்காவுக்கு, எங்களோடு ஒத்துப்போகாமலே வந்திருந்து கடைசிவரை கேட்ட அந்த மூன்று பெரியவர்களுக்கு: உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வந்து சொல்வோம். இந்த மடலில் பெரும்பங்கு வேறொருவருக்கு, தேத்தண்ணி குடிக்கப் பேணி (குவளை) கொண்டுவந்து தந்த பக்கத்து வளவு அம்மாவுக்கு. முதலில் அன்று வாசித்ததைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான், அவர் செய்தது எவ்வளவு பெரிது என்று விளங்கும்.

வாசித்தது ஒரு கடிதம். அத்லாந்தா நகரத்தின் எமரி பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பிக்கும் ஜோர்ஜ் யான்சி என்ற கறுப்பினப் பேராசிரியர், 2015 டிசம்பர் 24 அன்று நியூயோர்க் ரைம்ஸில் வெள்ளை அமெரிக்கர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதம். அதன் வலு அதன் ஒழுங்கில் இருக்கிறது. உங்களுக்குள் இருக்கும் நிறவெறியைப் பாருங்கள் என்று வெள்ளையர்களிடம் கேட்பதற்கு முன், தனக்குள் இருக்கும் ஆணாதிக்கத்தை அவர் வெளியே எடுத்து வைக்கிறார். நல்லவனாக வாழ முயல்கிறவனாக இருந்தாலும், ஆண்களுக்குத் தோதாகக் கட்டிய உலகத்தில் ஆணாக வளர்ந்தால் அந்தப் பழக்கம் உடம்பில் ஊறியிருக்கும் என்கிறார். கேட்பவன் தன்னுடையதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவரிடம் கேட்கிறான். அந்தக் கடிதத்துக்கு நூற்றுக்கணக்கில் வசைகளும் மிரட்டல்களும் வந்தன. ஆனாலும் அவர் வாயை மூடவில்லை. 2018 ஒக்ரோபரில் அதே பத்திரிகையில் ஆண்களைப் பார்த்து, மீண்டும் தன்னிலிருந்தே தொடங்கி, இன்னொரு கட்டுரை எழுதினார்.

இந்த ஒழுங்கு யாழ்ப்பாணத்துக்கு மிகவும் தேவையானது. எங்கள் ஊரில் "உனக்கு ஆர் அநியாயம் செய்தது?" என்று கேட்டால் எல்லாரிடமும் பதில் இருக்கும். அது நியாயமான பதிலாகவும் இருக்கும். தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956 இல் தொடங்கி, போர் முடிந்த 2009 வரைக்கும் வரிசையாகச் சொல்லலாம். "நீ ஆருக்கு மேலே நிற்கிறாய்?" என்று கேட்டால்தான் வாய் அடைக்கும். முதல் கேள்வியை முதலில் கேட்டுவிட்டால் அன்றைய பொழுது முழுவதும் அதற்கே போய்விடும். இரண்டாவதற்கு நேரமே மிஞ்சாது. அதனால் இரண்டாவதை முதலில் வைத்தோம்.

இதே காரணத்தால்தான் மொழிபெயர்த்த மூன்று பிள்ளைகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். நேரடியாகப் போட்டால் "இனம்" என்று வந்திருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் "நிறம்" என்று போட்டார்கள். எங்கள் காதில் இனம் என்றால் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள். அந்தச் சொல் வாசிப்புக்குள் நுழைந்த உடனே பேச்சு பழகிய தடத்தில் ஏறிவிடும், பிறகு இறக்க முடியாது. "ஆணாதிக்கவாதி" என்ற சொல்லையும் தவிர்த்து, "பெண்களைத் தாழ்த்தி வைக்கப் பழகிய ஆண்" என்று நீட்டி எழுதினார்கள். வாதி என்றால் அது வேறு யாரோ. பழகியவன் என்றால் கேட்கிற ஒவ்வொரு ஆணும் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இனிப் பேணிகளுக்கு வருவோம்.

வாசிப்பை இரண்டாகப் பிரித்து நடுவில் தேத்தண்ணி என்று திட்டம். அதற்கு 50 கடதாசிக் கப் வாங்கியிருந்தது. எறியும் கப் வந்த பிறகு எங்கள் ஊர்க் கூட்டங்களில் யாருடைய பேணியில் யார் குடிப்பது என்ற கேள்வி எழுவதில்லை. கேள்வி தீர்ந்துவிடவில்லை, கேட்க வேண்டிய தேவைதான் இல்லாமல் போயிருக்கிறது. சாதியைப் பற்றிப் பேசவென்று கூடிய கூட்டத்துக்கும் கைபோன போக்கில் அதையே வாங்கியிருந்தோம் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கப் பக்கற்றைப் பிரிக்கிற நேரத்தில் பக்கத்து வளவு அம்மா வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தார். கையில் ஒரு தட்டம், அதில் 12 எவர்சில்வர் பேணி. கூட்டத்துக்கு அவரை யாரும் அழைத்திருக்கவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்:

"உந்தக் கடதாசிக் கப்பை எறிஞ்சியள் எண்டால் நாளைக்கு என்ரை முத்தத்திலைதான் வந்து கிடக்கும். இதிலை பன்ரண்டு பேணி இருக்கு. குடிச்ச ஆள் கழுவிப்போட்டு மற்ற ஆளிட்டைக் குடுங்கோ. கிணத்தடி திறந்துதான் கிடக்கு, பிள்ளையள்."

பேணிகளை வைத்துவிட்டு அவர் உள்ளே போகவில்லை. வாளியில் தண்ணீர் அள்ளி, ஒரு பேசினில் சவர்க்காரத் தண்ணியும் மற்றதில் கொதிதண்ணியும் வைத்தார். அவர் சொற்படி தேத்தண்ணியை ஒரேயடியாகக் காய்ச்சாமல் தவணை தவணையாகக் காய்ச்சினோம். ஒரு பேணி ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் கொள்ளும். 12 பேணிக்கு 1.8 லீற்றர். தவணைக்கு 2 லீற்றர் தண்ணி, நான்கு மேசைக்கரண்டி தேயிலை, நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு. கொதித்ததும் இறக்கி, ஐந்து நிமிடத்துக்குள் வடித்துவிட வேண்டும். ஆறு லீற்றரையும் ஒன்றாகக் காய்ச்சி வைத்தால் கடைசியில் குடிக்கிறவருக்கு ஆறிக் கசந்த சாயம்தான் கிடைக்கும். சீனி போடவில்லை, கடிக்கப் பனங்கட்டி. மூன்று தவணை காய்ச்சியும் இரண்டு பேருக்குப் போதவில்லை. அவர்களுக்கு அம்மா தன் வீட்டுக்குள்ளிருந்து ஊற்றிக் கொண்டுவந்தார்.

கணக்கைப் பாருங்கள். 38 பேர், 12 பேணி. ஒவ்வொரு பேணியும் குறைந்தது மூன்று வாய்க்குப் போக வேண்டும். குடித்தவர் பொட்டைத் தாண்டி, கிணற்றடிக்குப் போய், கழுவி, இன்னும் குடிக்காத ஒருவரைத் தேடிக் கையில் கொடுக்க வேண்டும். கொடுப்பவருக்கும் ஒரு முகம் இருக்கிறது, வாங்குபவருக்கும் ஒரு முகம் இருக்கிறது. 15 நிமிட இடைவேளை 40 நிமிடமாக நீண்டது. வட்டமாக இருந்தபோது வாய் திறக்காதவர்கள் கிணற்றுக் கட்டோடு நின்று கதைத்தார்கள்.

எங்கள் மண்ணில் இது சாதாரணக் காட்சி அல்ல. பொது இடங்களில் சாதி சொல்லித் தடுப்பதைக் குற்றமாக்கி 1957 இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் தேநீர்க்கடைகளில் சிலருக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். 1966 ஒக்ரோபர் 21 அன்று சுன்னாகத்தில் தொடங்கிய சாதி எதிர்ப்பு ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போகும் உரிமைக்காக நடந்த போராட்டமும், தேநீர்க்கடைகளுக்குள் நுழைந்து "எங்களுக்கும் அதே கிளாசில் தா" என்று இருந்தவர்களின் துணிவும் சேர்ந்துதான் அதை அசைத்தன. கிணற்றுக்காகப் பட்ட பாடு தனிக் கதை. அந்த அம்மாவின் வாயில் "திறந்துதான் கிடக்கு" என்ற சொல் எவ்வளவு லேசாக வந்தது! அவர் எல்லாம் தெரிந்துதான் செய்தாரா, குப்பைக்குப் பயந்து செய்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை. எப்படியானாலும் நன்றி ஒன்றுதான்.

தேத்தண்ணிக்குப் பிறகு சீட்டு: ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதிக் கொடுப்பது, அதை வட்டத்தில் வாசிப்பது. இந்த முறையைப் பல ஊர்களில் இருந்து விசாரித்திருந்தீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம். ஏ4 தாள் ஒன்றை எட்டாக வெட்டினால் ஆளுக்கு ஒரு துண்டு காணும். பேனை வேண்டாம், எல்லாருக்கும் ஒரேமாதிரிப் பென்சில்; மை நிறத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள். எழுதியதை வெளியே சொல்லலாம் என்றால் மேல் மூலையில் "சொல்லலாம்" என்று எழுத வேண்டும். அந்தச் சொல் இல்லாத சீட்டை வட்டத்துக்குள் வாசித்த கையோடு அடுப்பில் போட்டுவிட வேண்டும். வாசிக்க இரண்டு பேர் வேண்டும். இருவரும் பெண்களாக இருந்தால் நல்லது, ஏனென்றால் ஆண் குரலில் வாசிக்கும்போது பெண்களின் சீட்டு முறைப்பாடாகக் கேட்கிறது. சிறிய ஊரில் எழுத்து அடையாளம் தெரிந்துவிடும் என்பதால், எழுதியவருக்குப் பக்கத்தில் இருந்தவர் வாசிப்பவராக இருக்கக் கூடாது. ஒலிவாங்கியும் வேண்டாம். அதைப் பிடித்தவர் கீழே வைக்க மாட்டார்.

அன்று "சொல்லலாம்" என்று மூலையில் எழுதிய இரண்டு சீட்டுகளை இங்கே தருகிறோம்.

ஒன்று: "பேணியை மூன்று தரம் கழுவினேன். முதல் தரம் அழுக்குக்காக. மற்ற இரண்டு தரமும் ஏன் என்று எனக்குத் தெரியும்."

மற்றது: "கலியாணம் கட்டி 22 வருசம். குடித்த பேணியை நானே கழுவியது இன்றைக்குத்தான்."

யான்சி தன் எழுத்தில் மின்தூக்கிக்குள் நடக்கும் ஒரு காட்சியைச் சொல்வார். நன்றாக உடுத்திய கறுப்பின மனிதர் உள்ளே ஏறுகிறார். ஏற்கெனவே நிற்கும் வெள்ளைப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய கை மட்டும் கைப்பையை இறுக்குகிறது. நிறவெறி என்பது கருத்தாகத் தலையில் இருப்பதற்கு முன்பே பழக்கமாகக் கையில் இருக்கிறது என்று காட்டவே இந்த உதாரணம். நான் திருந்திவிட்டேன் என்று நம்பியிருக்கிற நேரத்தில்தான் அது பதுங்கியிருந்து பாய்கிறது என்றும் அவர் எழுதுகிறார். அந்தப் பந்தியை முதற்பாதியில் வாசித்தபோது எல்லாரும் தலையாட்டினோம். அமெரிக்காவில் நடக்கிற விசயம் என்பதுபோல. மூன்று தரம் கழுவிய சீட்டு வாசிக்கப்பட்டபோது ஒருவரும் தலையாட்டவில்லை. பலர் தங்கள் கையைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நடந்த ஒரு மணித்தியாலப் பேச்சு இதுவரை எங்கள் வட்டத்தில் நடந்ததே இல்லை.

சாதியையும் பெண்ணையும் தனித்தனிக் கிழமைகளில் எடுக்க வேண்டும் என்று முன்பு எங்களுக்குள் வாதம் இருந்தது. இரண்டும் ஒரே பேணிக்குள் கிடந்ததை அன்று பார்த்தோம். சாதியால் ஒதுக்கப்பட்ட ஆண் வீட்டில் பேணி கழுவாதவனாக இருக்கலாம். தேசவழமையின்படி தன் பெயரில் உள்ள காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாத பெண், கிணற்றடியில் பேணியை இன்னொரு தரம் கழுவுகிறவளாகவும் இருக்கலாம். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் உள்ள அந்த விதியை அக்கா விளக்கியபோது, இருபது வயதுப் பிள்ளைகள் சிலர் அதை முதல்முறையாகக் கேள்விப்பட்டார்கள். அடுத்த வாசிப்பை அதிலிருந்து தொடங்குகிறோம்.

இனி எங்கள் கூட்டங்களுக்கு எறியும் கப் வாங்க மாட்டோம். இதை எல்லாரும் பார்க்க எழுதி வைக்கிறோம், தவறினால் கேளுங்கள். பேணி வாங்க ஒருவர் காசு அனுப்பியிருக்கிறார், 40 பேணிக்குக் காணும். அவருக்கு நன்றி. ஆனால் 12 தான் வாங்கப் போகிறோம். மிச்சத்தில் ஓட்டோக் கூலி.

அம்மா, உங்கடை பேணி பன்னிரண்டையும் எண்ணித் தட்டத்தில் வைத்து விறாந்தையில் விட்டிருக்கிறோம். ஒன்றின் விளிம்பு கிணற்றுக் கட்டில் அடிபட்டு நெளிந்துவிட்டது. அதைத் தட்டி நிமிர்த்தப் பார்த்தோம், சரிவரவில்லை. புதிதாக ஒன்று கொண்டுவந்து தருகிறோம். நெளிந்ததை எங்களுக்குத் தருவீர்களா என்றும் கேட்கிறோம்.

நன்றியோடு,
வாசிப்பு வட்டத்தார்,
யாழ்ப்பாணம்