மலையேறப் போவது நான், என்னைக் கேட்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் இருபத்தைந்தாவது, ஐம்பதாவது கல்யாண நாள் கொண்டாடுகிறவர்களுக்கென்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவதை விட்டுவிட்டு, புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருமாக ஒரு சாகசப் பயணம் போய் வாருங்கள் என்று எழுதியிருந்ததை நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டேதான் படித்தேன். ஆனால் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி. டிக்கெட்டை ரகசியமாக எடுத்து வைத்து, அன்றைக்குக் காலையில் மனைவி கையில் கொடுத்து அசத்த வேண்டுமாம். அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் பேப்பரை நாலாக மடித்து சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டார். ஏனென்றால் அப்படி அசத்தப்பட்டவள் நான்.

எங்கள் கல்யாணம் 1994 ஆவணியில். 2019-இல் இருபத்தைந்து வருடம் ஆனபோது, அதற்கு முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கவரை நீட்டினார். பிரித்தால் மதுரையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து லடாக்கில் இருக்கிற லே. விடிந்தால் கிளம்ப வேண்டும். பெட்டிகூட அவரே ஒரு வாரமாக எனக்குத் தெரியாமல் கட்டி வைத்திருக்கிறார். மறுநாள் திறந்து பார்த்தேன். மூன்று பட்டுப்புடவை, கல்யாண ஆல்பம், ஒரு மெல்லிய சால்வை, அவ்வளவுதான். கம்பளி சாக்ஸ் கிடையாது. என் பிரஷர் மாத்திரையும் கிடையாது, அது அடுப்படி ஷெல்ஃபில் மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்தது, அது அவருக்கு எப்படித் தெரியும்?

லே ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். மதுரையில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். விமானத்தில் போய் நேராக இறங்குகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் ஒரு வேலையும் செய்யாமல் அறையிலேயே படுத்துக் கிடக்க வேண்டும் என்று அங்கே பெட்டிக்கடைக்காரர்கூடச் சொல்வார். உயரத்துக்கான மாத்திரை ஒன்று இருக்கிறது, டாக்டரைக் கேட்டு கிளம்புவதற்கு முதல் நாளே ஆரம்பிக்க வேண்டும், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு ஒத்துக்கொள்ளாது. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு போகலாம்தான், போவதே தெரிந்திருந்தால்.

பயண ஏற்பாட்டாளர் போட்டுக் கொடுத்த திட்டத்தில் இரண்டாம் நாளே கார்துங் லா. லேயிலிருந்து நாற்பது கிலோமீட்டர், காரில்தானே போகிறோம் என்றார் வீட்டுக்காரர். அந்தக் கணவாயின் பலகையில் 18,380 அடி என்று எழுதியிருக்கும். பிறகு கருவி வைத்து அளந்தவர்கள் 17,582 அடி என்கிறார்கள். குறைந்த அந்த 800 அடியால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. பாதி வழியிலேயே மண்டைக்குள் யாரோ உலக்கை போட ஆரம்பித்துவிட்டார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் வாந்தி. அங்கிருந்த ராணுவ மருத்துவ அறையில் ஒரு பையன், என் மகன் வயதுதான் இருக்கும், ஆக்சிஜன் குழாயை மூக்கில் வைத்துவிட்டு உடனே கீழே இறங்குங்கள் என்றான். இவர் காரின் பின்பக்கம் கேக் வைத்திருக்கிறார், மேலே போய் வெட்டுவதற்கு. குளிரில் அது செங்கல் மாதிரி ஆகியிருந்தது. லேக்கு வந்த பிறகு ஓட்டல்காரப் பையன்களிடம் கொடுத்துவிட்டோம். மீதி மூன்று நாளும் நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மலை நன்றாகத்தான் இருந்தது.

அவர் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒன்றரை வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் அது, ஆசையாகத்தான் செய்தார். நகையோ புடவையோ ரகசியமாக வாங்கிக் கொடுத்தால் சரி, பிடிக்காவிட்டால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். மூச்சு வாங்கி முட்டி வலித்து நடக்க வேண்டிய ஒரு பயணத்தை அப்படிக் கொடுக்க முடியாது. ரகசியம் என்றாலே டாக்டரிடம் போக முடியாது, ஷூ போட்டுப் பழக முடியாது, எனக்கு இது வேண்டாம் என்று சொல்லக்கூட நேரமிருக்காது. உங்கள் பெட்டிச் செய்தி எழுதியவர் இதை யோசித்திருக்க வேண்டும்.

முப்பதாவது வருடத்துக்கு வேறு மாதிரி செய்தோம். தினசரி காலண்டரில் கிழித்த தாள் இரண்டை எடுத்து, பின்பக்கம் ஆளுக்கு மூன்று இடம் எழுதினோம், ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்காமல். பரீட்சை மாதிரி. அவர் தாளில் முதல் பெயர் அந்தமான், கடலுக்குள் முங்கிப் பார்க்கும் ஸ்கூபா. நீச்சல் தெரியாதவர்களையும் ஆள் கூடவே வந்து கூட்டிப் போவார்கள், அது உண்மை. ஆனால் முதலில் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள், காது, மூச்சு, இதயம் எல்லாம் கேட்டிருக்கும். இவருக்குச் செவிப்பறையில் ஆபரேஷன் ஆனது. நானே அடித்துவிட்டேன். (போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று, முங்கிய அன்றைக்கே விமானம் ஏறக்கூடாது, கடைசி நாளில் வைக்காதீர்கள்.)

என் தாளில் முதல் பெயர் டாப் ஸ்டேஷன். மூணாறிலிருந்து ஜீப்பில் போய்ப் படம் எடுத்துத் திரும்புவது இல்லை, போடி பக்கம் குரங்கணியிலிருந்து நடந்தே ஏறுவது. என் அம்மாவைப் பெற்ற தாத்தா போடியில் ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதியவர். அவர் சின்னப் பையனாக இருந்த காலத்தில் மூணாறு தேயிலையெல்லாம் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வரும். 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்க ஆரம்பித்தது, 1908-இல் சின்ன ரயில் ஆனது, 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. தாத்தா சொல்லச் சொல்ல, மேகத்திலிருந்து பெட்டி பெட்டியாக இறங்குகிற மாதிரி நான் நினைத்துக்கொள்வேன். அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது நாற்பது வருட ஆசை. இவரிடம் நான் அதைச் சொன்னதே இல்லை, அவரும் கேட்டதில்லை. தாளில் பார்த்துவிட்டு, "இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்றார்.

மகளிடம் போனில் சொன்னதும், "அம்மா, அந்தக் குரங்கணியா?" என்றாள். 2018 மார்ச் 11 காட்டுத்தீயில் மலையேறப் போன பிள்ளைகள் இருபதுக்கும் மேலே இறந்துபோனார்களே, அதே குரங்கணிதான். அவள் கேட்டதில் தப்பே இல்லை. மார்ச் மாதம், காய்ந்த புல், மேல்நோக்கி அடிக்கிற காற்று, தீ பிடித்தால் ஆளை விட வேகமாக ஏறும். அதனால்தான் கோடையில் வனத்துறை பாதைகளை மூடிவிடுகிறது. எங்கள் கல்யாண நாள் செப்டம்பரில் வருகிறது, மழை முடிந்திருக்காது. அப்புறம் ஐப்பசி கார்த்திகை. கடைசியில் ஜனவரிக்குத் தள்ளினோம். நாலு மாதம் தாமதம், யார் கேட்கப் போகிறார்கள்? கல்யாண நாளுக்குத் தோதாக மலையைத் தேடாமல் மலைக்குத் தோதான நாளைத் தேடியது எனக்கே பிடித்திருந்தது.

அந்த நாலு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அழகர்கோயில் அடிவாரத்திலிருந்து சோலைமலை, நூபுர கங்கை வரை நடந்தோம். முதல் வாரம் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், குரங்கு வந்து தேங்காய்மூடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஏழாவது வாரம் உட்காராமல் ஏறினேன். ஷூவை அதிலேயே பழக்கிவிட்டேன். முட்டிக்கு டாக்டர் இறங்கும்போதுதான் கவனம் என்றார், அதனால் ஏற மட்டும் நடப்பது, திரும்பி மூணாறு வழியாக வண்டியில் வருவது என்று முடிவு.

பன்னிரண்டு வருடம் மூடிக் கிடந்து 2023 ஜூனில் திறந்த போடி ரயிலில் முந்தின நாளே போய்த் தங்கினோம். விடிகாலையில் குரங்கணி. அனுமதிச் சீட்டு வாங்கி, உள்ளூர் வழிகாட்டித் தம்பி ஒருவருடன் கிளம்பினோம். மாமரம், இலவமரம், அப்புறம் காப்பித் தோட்டம். நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சின்னக் குடியிருப்பு வருகிறது. பெயரைக் கேட்டு இவர் ரயில் எங்கே என்று தேடினார். பழைய ரோப்வேக்கு இடைநிலையம், பெயர் மட்டும் மிச்சம். அங்கே ஒரு அம்மா வரக்காப்பி போட்டுக் கொடுத்தார், இவர் என் டம்ளரையும் வாங்கிக் குடித்துவிட்டார். அதற்கு மேல்தான் ஏற்றம். தம்பி பத்தடி முன்னால் போய் நின்று, "மெதுவா வாங்கக்கா, டாப் ஸ்டேஷன் எங்கயும் போயிடாது" என்பான். கடைசி ஒரு மணி நேரம் நான் முன்னால் நடந்தேன், இவர் பின்னால். மூச்சு வாங்குவது கேட்டது, ஆனால் என்னை ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை.

மேலே ஐயாயிரம் அடிக்கு மேல். தேனிப் பக்கம் முழுக்க மேகம் விரித்துக் கிடந்தது. தாத்தாவின் பெட்டிகள் எந்தப் பக்கம் இறங்கியிருக்கும் என்று தம்பி கையைக் காட்டினான். கேக் இல்லை, கடலை மிட்டாய் இருந்தது. சாயங்காலம் போடிமெட்டின் பதினேழு வளைவிலும் இவர் தூங்கிக்கொண்டே வந்தார்.

எல்லாரும் குரங்கணிக்கே போக வேண்டும் என்று இல்லை. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்தே போட்டிருக்கிறார்கள், கணினியில் பதிவு செய்யலாம், வழிகாட்டியும் வருவார். அடுத்த தடவை இந்த மாதிரிப் பக்கம் போடும்போது அதைப் பற்றி எழுதுங்கள். அந்த அசத்தல் யோசனையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

2029-இல் எங்களுக்கு முப்பத்தைந்து. இப்போதே ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறது. அதில் இவர் 'லே' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'மாத்திரை நான் எடுத்து வைக்கிறேன்' என்றும் போட்டிருக்கிறார். நான் இன்னும் அடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.