அண்டாவுக்கு ஒரு சட்டம், கருப்பிக்கு ஒரு சட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹென்றி என்கிற ராட்வைலர் நாய் யாருக்கு என்று மஹுவா மொய்த்ரா எம்.பி.யும் வழக்கறிஞர் ஜெய் அனந்த் தேஹாத்ராயும் டெல்லியில் நடத்தும் வழக்கைப் பற்றி ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். வழக்கைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் போட்ட தடை உயர் நீதிமன்றம் வரை போனது, 2025 செப்டம்பரில் அங்கே நீதிபதி, ‘நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா’ என்று கேட்டது, எல்லாம் சரி. கடைசியில் எதற்கு ‘வேலைவெட்டி இல்லாதவர்களின் வழக்கு’ என்று ஒரு வரி? போட்டிருந்த படமும் ராட்வைலர் இல்லை, டாபர்மேன். போகட்டும்.

எங்கள் ஊரில் ஒரு முழ வரப்புக்காகப் பங்காளிகள் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். வக்கீல் ஃபீஸுக்காக அந்த வயலையே விற்றவர்களும் உண்டு. அதையெல்லாம் ‘நிலத் தகராறு’ என்று மரியாதையாகப் போடுகிறீர்கள். உயிருள்ள ஒன்றுக்காகப் படியேறினால் மட்டும் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். இங்கே ‘கன்னி’ என்கிற நாட்டு வேட்டை நாயைக் காசுக்குக் கொடுக்கிற வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது, கல்யாணப் பெண்ணோடு சீராக அனுப்புவார்கள். உங்களுக்குத் தெரியாததா, உங்கள் பொங்கல் மலரிலேயே வந்ததுதானே! (அதே மலரில் சிப்பிப்பாறையும் கன்னியும் ஒன்றுதான் என்று எழுதியதற்கு நான் போட்ட மறுப்பை நீங்கள் வெளியிடவில்லை.) அப்படித்தான் என் மகளோடு கருப்பியைச் சென்னைக்கு அனுப்பினேன். 2025 கடைசியில், உரிமம் இல்லாத வளர்ப்பு நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி சொன்னதும், மாப்பிள்ளை ஆன்லைனில் 50 ரூபாய் கட்டி உரிமம் எடுத்தார். தன் பெயரில்தான்.

அப்புறம் இருவருக்கும் ஒத்துவரவில்லை. சமரசப் பேச்சில் சாமான்களுக்குப் பட்டியல் போட்டார்கள். குத்துவிளக்கு 2, அண்டா 1, பீரோ 1, கிரைண்டர் 1. கிரைண்டருக்குக் கீழே ‘நாய் 1’, எதிரே ‘கணவர் வசம்’. மகள் கேட்டதற்கு மாப்பிள்ளை அந்த 50 ரூபாய் உரிமத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். சீராகக் கொடுத்தது பெண்ணுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. அண்டா அந்தக் கணக்கில் திரும்பி வந்துவிட்டது. கருப்பி வரவில்லை. முயலை விரட்டிப் பிடிக்கிற ஜாதி அது, இன்றைக்குப் பகலெல்லாம் நான்காவது மாடி பால்கனியில் கட்டிக் கிடக்கிறதாம். வாட்ச்மேன்தான் சொன்னார். காவல் நிலையத்துக்கும் போய்ப் பார்த்தேன். டீ கொடுத்து, ‘வேற ஒரு குட்டி வாங்கிக்குங்க ஐயா’ என்று அனுப்பிவைத்தார்கள்.

நம் சட்டத்தில் நாய் வெறும் அசையும் சொத்து. யார் பணம் கொடுத்தது, யார் பெயரில் காகிதம் இருக்கிறது என்பதோடு கேள்வி முடிந்துவிடும். யாரிடம் இருந்தால் அது நன்றாக இருக்கும் என்று நீதிபதி கேட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஸ்பெயினில் 2022 முதல் விவாகரத்தின்போது பிராணியின் நலனையும் பார்த்தாக வேண்டும். கலிபோர்னியாவில் 2019 முதலே அதைப் பார்த்து முடிவு செய்ய நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. இங்கே என்ன நடக்கிறது? மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத்தில் 2020-ல் ஒரு லாப்ரடாருக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடி, போலீஸ் டிஎன்ஏ பரிசோதனை வரை போக வேண்டியதாயிற்று. அந்தச் செய்தியை நீங்கள் எங்கே போட்டீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? ‘விநோதம்’ பெட்டியில், இரண்டு தலை ஆட்டுக்குட்டிக்குப் பக்கத்தில். என் மகளும் கோர்ட்டுக்குத்தான் போகப்போகிறாள். அதையும் அந்தப் பெட்டியில்தான் போடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நாய் உரிமத்தில் கணவன், மனைவி இருவர் பெயரையும் போட முடியுமா, பெயர் மாற்ற என்னென்ன காகிதம் வேண்டும், நாயின் தோலுக்கடியில் வைக்கிற மைக்ரோசிப்பில் யார் விவரம் பதிவாகிறது என்று மாநகராட்சியில் விசாரித்து ஒரு பத்தி போடுங்கள். ராசிபலனை ஒருநாள் சுருக்கினால் இடம் கிடைத்துவிடும்.

மகளின் விஷயம் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கோவில்பட்டி