புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களையும் தன்னார்வலர் நோட்டில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவட்டாறு பக்கம் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) பருப்புக்குத் தோல் உரிப்பது என் வேலை. 4 வருடங்களுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய் வந்து, கக்கத்துக் கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து முடியும் வளர்ந்தபின், சுகமாகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் மாதாமாதம் என் மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை கொண்டு வருவார். போன வருடம் ஒருநாள், "எனக்கும் ஒண்ணு பாரு மக்கா" என்று இடது கையை நீட்டினேன். பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றப் போனவர் நிறுத்திவிட்டார்.

"அக்கா, ஆபரேஷன் இந்தப் பக்கமா? அப்போ மத்த கையைத் தாங்க."

என் வளையல் சதையில் பதிந்து கிடந்தது. புறங்கையைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். விழுந்த குழி நெடுநேரம் நிறையவே இல்லை. வேலை செய்து வீங்குகிறது என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது கக்கத்துக் கட்டிகளை எடுத்ததால் கையில் நீர் தேங்கி வரும் வீக்கம், கத்தி பட்டுச் சின்னக் காயமானால்கூட அந்தக் கை பழுத்துக் காய்ச்சல் வரலாம் என்று அவர்தான் சொன்னார். நோய் திரும்பி வராமலிருக்க டாக்டர் தந்த டாமோக்சிபென் மாத்திரையைப் பற்றியும் கேட்டார். அதை 5 வருடமாவது சாப்பிட வேண்டும். உடம்பு தகதகவென்று எரிந்ததாலும், ஆஸ்பத்திரிக்குத் திருவனந்தபுரம் போய்வந்தால் ஒருநாள் கூலி போவதாலும் நான் 2 வருடத்தோடு விட்டிருந்தேன். என்னை பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அந்தப் பெண்தான். டாக்டர் மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னார்.

இதெல்லாம் அவருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததல்ல. அவருடைய அம்மாவுக்கும் இதே நோய் வந்திருந்ததால் தெரிந்திருக்கிறது. எங்கள் ஆபீசில் ஆபரேஷன் முடிந்த பெண்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் ஊருக்கு வரும் தன்னார்வலர் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர்மேல் குறையில்லை, யாரும் சொல்லித்தராதது அவருக்கு எப்படித் தெரியும்?

படுக்கையில் கிடப்பவர்களுக்கு இந்தத் திட்டத்தில் நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார்கள். சிகிச்சை முடிந்து வேலைக்குப் போகிற எங்கள் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. கைவீக்கத்தைக் கண்டுபிடிக்கவும், மாத்திரை நின்றதா, செக்கப் தேதி தப்பியதா என்று கேட்கவும் எல்லாத் தன்னார்வலர்களுக்கும் மாவட்ட சுகாதாரத் துறை பயிற்சி தர வேண்டும். பிசியோதெரபிஸ்ட் எங்களுக்கும் கைப்பயிற்சி காட்டித்தர வேண்டும்.

தன்னார்வலர்களுக்குக் கிடைப்பது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. இந்த வேலையையும் கொடுப்பதானால் அதையும் கூட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
முந்திரி ஆலைத் தொழிலாளி,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.