மூன்றாம் பருவம்: பெற்றோருக்குச் சில செய்திகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மூன்றாம் பருவம் முடியப்போகிறது. விளையாட்டு விழா நல்லபடியாக நடந்தது. வட்டாரப் போட்டிகளில் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்குப் பாராட்டுகள். ஆண்டு விழாவுக்கு வந்த அனைவருக்கும் நன்றி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நன்றாகப் படித்திருப்பதாக அவர்களே சொல்கிறார்கள். மதிப்பெண் வரும்போது பார்ப்போம்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக.

போன மாதம் ஒரு நாள் மாலை மூன்றரை மணிக்கு ஆறாம் வகுப்புப் பக்கம் போனேன். மண்டையைப் பிளக்கும் வெயில். ஒரு பிள்ளைக்கு உதடு காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில், காலையில் வீட்டில் நிரப்பியது, கழுத்துவரை அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். "வைகை அஞ்சு வருஷத்துல செத்துப்போயிருமாம் சார். மிச்சம் பிடிக்கிறேன்" என்றாள். யார் சொன்னது? "கிளாஸ் குரூப்ல வந்துச்சு. அப்பா போன்ல பாத்தேன்."

நானும் பார்த்தேன். இரவு பதினோரு மணிக்கு மேல் வந்த வீடியோ. பாளம் பாளமாக வெடித்த தரை, சோகமான இசை, மதுரையே இருக்காது என்று ஒரு குரல். கீழே பதினேழு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள். வைகை கோடையில் மணலாகக் கிடப்பது நமக்குப் புதிதா? அந்த மணலில் பந்து விளையாடி வளர்ந்தவர்கள்தானே நாம். அணையைத் திறந்துவிட்டால்தான் அழகர் இறங்கவே தண்ணீர். அதற்காக பூமி சூடேறுவது பொய் என்று சொல்ல வரவில்லை. அது உண்மை, அதைப் பாடமாகவே நடத்துகிறோம். பாடத்தில் காரணம் இருக்கும், செய்ய வேண்டியதும் இருக்கும். இந்த வீடியோவில் பயம் மட்டும்தான் இருந்தது.

இன்னொன்று. பயந்து கேட்கிற பிள்ளையை "பெரிய விஞ்ஞானி வந்துட்டாரு" என்று கிண்டல் செய்கிறீர்களாம். பிள்ளைகள் என்னிடம் சொன்னது. இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. பருவநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாக 59 சதவீதம் பேர் சொன்னார்கள். அதைப் பற்றி வாய்விட்டுப் பேசியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், தங்களை யாரும் பொருட்படுத்தவில்லை என்றார்கள். எனக்கு உறைத்தது இந்தப் பாதிதான்.

நம் ஆசிரியர்களிடம் பேச வந்த மனநல ஆலோசகர், இது நோய் இல்லை என்றார். பிள்ளை நேசிக்கிற ஒன்று கையைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலை. "ஒண்ணும் ஆகாது, போய்ப் படி" என்று வாயை அடைக்காமல், முழுக்கச் சொல்லவிட்டுக் கேட்க வேண்டும். அப்புறம் நாலு பேரோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுக்க வேண்டும். தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெட்டால் தாமதிக்காமல் ஆலோசகரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவி அழைப்பு மையமான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்தும் பேசலாம்.

2024இல் நம் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, நரசிங்கம்பட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று ஏலச் செய்தி வந்தபோது அந்த ஊர்ப் பிள்ளைகளும் மிரண்டுதான் போனார்கள். ஆனால் பெரியவர்களோடு ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்கள். ஊரே எதிர்த்துப் போராடியது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதே வீடியோவைப் பார்த்துவிட்டு அவர்களில் ஒருவன், "வைகைக்கு யாருகிட்ட சார் மனுக் குடுக்கணும்?" என்று கேட்டான். (பிள்ளைகளைப் போராட்டத்துக்கு அனுப்பச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

கண்டிப்பாகவே சொல்கிறேன். வரும் திங்கள் முதல் வகுப்புக் குழுக்களில் ஆசிரியர்கள் மட்டுமே செய்தி போட முடியும். அதற்குப் பிறகும் பிள்ளைகள் கண்ணில் படும்படி இப்படிப்பட்ட வீடியோக்களைப் பரப்பினால் நேரில் கூப்பிட்டுப் பேசுவேன். பதினோரு வயதுப் பிள்ளையிடம் உன் ஊர் அழியப்போகிறது என்று சொல்ல உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

நல்லெண்ணத்தில்தான் அனுப்பினீர்கள் என்று தெரியும். போன வருடம் ஆசிரியர் குழுவில் நானும் இப்படி ஒன்றை அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். நான் சொன்னதும் மறுநாளே வந்து பேசிய அப்பாவுக்கும், தாழ்வாரத்தில் வைக்க நான்கு மண்பானைகள் வாங்கித் தந்த ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. பானைக்கு அடியில் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வேப்பங்கன்றுக்கு ஊற்றுவது இப்போது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. மதியமே பாட்டிலைக் காலி செய்துவிட்டு மறுபடி நிரப்ப வருகிறாள்.

சாயங்காலம் பையைத் திறக்கும்போது உங்கள் பிள்ளையின் பாட்டிலையும் ஒரு தடவை பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்